ஒரே அலைவரிசை

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது சார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இவ்வளவு ஏலக்காய் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

பாடகர் விஜய்ராஜ் சாவுக்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று என் மனைவி வேல்விழி இங்கே வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது சரியில்லை. திருத்தத்தான் வந்தேன்.

தேனியிலிருந்து குமுளி வரை பெரிய கச்சேரி என்றால் ஒயர்லெஸ் மைக்குகளுக்கு அலைவரிசை பிரித்துக் கொடுப்பது நான்தான். கேரளத்து சிக்னல் மலை தாண்டி வந்து குறுக்கே விழும். அதற்குத் தப்பி, ஒன்றோடொன்று மோதாமல் ஒவ்வொரு மைக்குக்கும் ஓர் இடம் தர வேண்டும். ஒரே அலைவரிசையில் இரண்டு இருந்தால், கேட்கிற கருவிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஜெயிக்கும். மற்றது பேசினாலும் பேசாத மாதிரிதான்.

வேல்விழி மேடையோரம் நின்று, தன் ஒயர்லெஸ் மைக்கில் பேசி, பாடுகிறவர்களின் காதுக் கருவியில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வாள். விஜய்ராஜ் என்னை அண்ணே என்பான், அவளை மதினி என்பான். மரியாதையான பையன்.

பலர் மைக்கை அணைக்க மறந்துவிடுவார்கள். ஹெட்போனில் எல்லாம் எனக்குக் கேட்கும். கம்பத்தில் ஒருநாள் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். தப்பான பேச்சு இல்லை. கருகிப்போன பரோட்டாவைப் பற்றித்தான். ஆனால் அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

கூடலூர்த் திருவிழா மேடையில், விளக்கணைந்ததும் நடுப்பலகை விலகிப் பள்ளம் திறக்கும். ஆடுகிறவர்கள் கீழிருந்து லிஃப்டில் வருவார்கள். வேல்விழி "நில்லு" என்று சொல்கிறவரை விஜய்ராஜ் இருட்டில் முன்னால் நடக்கலாம் என்பது ஏற்பாடு.

"மதினி, ஒங்க குரல நம்பித்தான் நடக்குறேன்" என்றான். அதுவும் ஹெட்போனில் கேட்டது.

அவள் மைக்கின் அலைவரிசையிலேயே இன்னொரு டிரான்ஸ்மிட்டரை மேடைக்கு அடியில் பொருத்தினேன். அதில் யாரும் பேசவில்லை. வெறும் மௌனம்தான். விளக்கணைந்தபோது என் இடத்திலிருந்தே ரிமோட்டில் அதை இயக்கினேன். அவள் மேசையின் சின்ன வெளிச்சத்தில் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்ப அசைந்தது. அவன் நிதானமாக நடந்து போனான்.

கூட்டம் மேடைக்கு ஓடியபோது டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மிதிபட்டால் வீணாகிவிடும். பிறகு அவள் மைக்கை எல்லாருமாகச் சோதித்தார்கள். சுத்தமாகக் கேட்டது.

அன்றிலிருந்து அவள் கேட்பது ஒன்றுதான்.

"ஏங்க, நான் சொன்னேன்ல? பட்டன அமுக்குனேன்ல? எல்லாரும் என்னையத்தான் சொல்றாக."

"விடு, மனசுல வச்சுக்கிறாத. அந்தப் பதட்டத்துல மறந்துருப்ப" என்பேன்.

தட்டிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள். இப்போதெல்லாம் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. என்னைக் கேட்காமல் கதவைக்கூடத் திறப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அதைக் கெடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள்.

எழுதிக்கொண்டீர்களா சார்? கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வெளியே ஆட்டோவை நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவளை என்னோடு அனுப்பிவையுங்கள். வரத் தயங்கினால், நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டதாகச் சொல்லுங்கள்.