கிரீடம் அழித்த படம்

பவளராணி அக்கா,

யோகராசா அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகம் இருநூறும் அடித்து முடிந்தது. அவர் படம் போட்ட அட்டை நல்ல மினுக்கம். மாதிரியைப் பார்த்துவிட்டு, "இந்தச் சிரிப்பை எந்தப் போட்டோவிலை பாத்துக் கீறினனி தம்பி?" என்று கேட்டு அழுதீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் அச்சுக்கடை திறக்க முதல், காலையில் நான் கால்சாப் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் மாளிகை துடைக்கிறேன், தெரியும்தானே. நடை முழுக்கப் பழைய கேலிப் படங்கள். கடன்காரர் கதவைத் தட்ட, காதலியின் கட்டிலுக்கடியில் ஒளிக்கிற அரசன். கிரீடம் மட்டும் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். சிஞ்ஞோரா சொல்லுவா: "கடன் மட்டும் என்றால் பாவம். காதலியும் இருந்தால்தான் பகிடி."

யோகராசா அண்ணை, உங்கள் மகள் கேசினி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குச் சிம்மாசனமும் குதிரை வண்டியும் கடன்பட்டு எடுத்தது பலெர்மோ முழுக்கத் தெரியும். அழைப்பிதழுக்கு நான் கையால் ஒரு படம் கீறிக் கொடுத்தேன். "உந்தக் கீறலை விட்டிட்டு போட்டோவைப் போடடாப்பா" என்றார். பிறகு வாடகைக் கிரீடத்தைத் தலையில் கவிழ்த்து, "எப்பிடி, ராசாதானே?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான், அக்கா.

அன்று பின்னேரமே கீறிவிட்டேன். கிரீடம், சிரிப்பு, கடன்காரர், கட்டில், கட்டிலில் ஒரு வெள்ளைக்காரி. என் பேர் போடவில்லை. அச்சடித்து, பல்லரோச் சந்தையில் எங்கள் ஆட்களின் கடைகளில் மரக்கறிப் பெட்டிகளுக்குள் செருகினேன். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. நீங்கள் அதைக் கிழித்தெறிந்துவிட்டு, கேசினியோடு தங்கச்சி வீட்டுக்குப் போனது எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

அண்ணை கடைக்கு வந்தார். "உன்ர மெஷினிலைதான் அடிச்சிருக்கு. நீ கீறேல்லை எண்டு தெரியும், உனக்கு உப்பிடி வராது. ஆர் தந்ததெண்டும் கேக்கேல்லை. அந்தப் பொம்பிளை பொய்யெண்டு பவளத்திட்டை ஒருக்கால் சொல்லு. ஞாயிறு சடங்கு. உன்ர காலிலை விழுறன்."

உண்மையாகவே விழுந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பார்ப்பம் என்றேன்.

உனக்கு வராதாம்.

அவர் போனதும் இரண்டாவது படம் கீறினேன்: கிரீடத்தோடு காலில் விழுகிற ராசா. முதலாவதைவிட அது திறம். வெள்ளிக்கிழமை கடைக் கதவுகளில் ஒட்டினேன். சனிக்கிழமை துறைமுகத் தண்ணியிலிருந்து அவரை எடுத்தார்கள்.

வெள்ளைக்காரி என்று ஒருத்தியும் இல்லை, அக்கா. கட்டில் வெறுமையாக இருந்தால் படம் நிறையாது. அவ்வளவுதான்.

எனக்கு அவரில் ஒரு கோபமும் இருந்ததில்லை. இருந்தால், அட்டைக்காக அந்த முதல் படத்திலிருந்து கிரீடத்தை இவ்வளவு பக்குவமாக அழித்திருப்பேனா? ஒரு கோடு தெரிகிறதா, பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் ஆரும் கேட்டால், கீறினது நிரூபன் என்று சொல்லுங்கள். இரண்டு படத்திலும் பேர் போடாமல் விட்டதுதான் நான் விட்ட பிழை.