மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

பச்சியப்பன்: மெதுவா... மெதுவா தம்பி. மாவுக்கட்டு போட்ட காலு. தருமபுரி ஆஸ்பத்திரி போயிச் சேர்றதுக்குள்ள மறுபடியும் ஒடச்சிறாதீங்க.

மாது: ஆடாம படுத்துக்குங்கய்யா. ஏங்க, நீங்க அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சரக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க.

கவிப்பிரியா: தூக்கிட்டேன். அப்பா, தடிய விடு, நான் வெச்சுக்கறேன். ஏங்க, உங்க கூட நர்ஸு, அட்டெண்டரு யாரும் வர மாட்டாங்களா?

மாது: பில்லுல ரெண்டு ஆளுன்னு இருக்கும். வண்டியில நான் மட்டும்தாங்க.

பச்சியப்பன்: அப்ப எம்பொண்ணுக்கு ஒரு நாள் சம்பளம் குடுக்கச் சொல்லுங்க உங்க மொதலாளிய.

மாது: எனக்கே முழுசா வரலீங்கய்யா... கை ஜாக்கிரதைங்க, கதவச் சாத்தறேன்.

பச்சியப்பன்: தம்பி பேரு என்னா?

மாது: ம்... சின்னராஜுங்க.

கவிப்பிரியா: பேரச் சொல்றதுக்கு யோசிக்கணுமா?

மாது: ரெண்டு நாளாத் தூக்கமில்லீங்க.

பச்சியப்பன்: அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்க. ஒண்ணும் காதுல விழல.

மாது: ரூல்ஸுங்கய்யா. பேஷண்ட் இருக்கறப்பக் கழட்டக் கூடாது.

கவிப்பிரியா: ரெண்டு ஆள் வரணும்ங்கறதும் ரூல்ஸுதானே?

மாது: அது மொதலாளிக்குங்க. இது எனக்கு.

பச்சியப்பன்: கண்ணு, ஏரியூரத் தாண்டியாச்சா?

கவிப்பிரியா: அப்பவே தாண்டியாச்சுப்பா.

பச்சியப்பன்: குழியே தெரியலயே. நல்லா ஓட்டறீங்க தம்பி. தருமபுரி ஆம்புலன்ஸ்காரங்கள எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

மாது: பாதிப் பேரத் தெரியுங்க.

பச்சியப்பன்: மாதுன்னு ஒருத்தன். பாப்பிரெட்டிப்பட்டி ஆளு.

கவிப்பிரியா: ஸ்பீட் பிரேக்கர்! ஸ்பீட் பிரேக்கர்!

மாது: பாத்துட்டேங்க, பாத்துட்டேங்க... மாதுவா? கேள்விப்பட்ட மாதிரி இருக்குது. என்னா விசயங்கய்யா?

பச்சியப்பன்: எம்பொண்ணப் பாக்க வர்றேன்னான். மூணு ஞாயித்துக்கிழமை. அவனோட அக்காவும் அக்கா வூட்டுக்காரரும் மட்டும் வந்து உக்காந்துட்டுப் போனாங்க. மாப்பிள்ளயக் காணோம். மூணு தடவையும் வாழைக்கா பஜ்ஜி, கேசரி. மொத வாரம் நாங்க தின்னோம். ரெண்டாவது வாரம் தெருவே தின்னுது. மூணாவது வாரம் காலையிலயே வந்து, இன்னிக்கி என்னா பஜ்ஜின்னு கேக்கறாங்க!

கவிப்பிரியா: அப்பா, போதும்.

பச்சியப்பன்: எண்ணெயும் போச்சு, மானமும் போச்சு.

மாது: அவரு... அவரு போட்டோ ஏதாச்சும் பாத்தீங்களாங்க?

பச்சியப்பன்: அவங்கக்கா அனுப்புச்சு. அதப் பத்திப் பேசாதீங்க.

மாது: அவ்ளோ மோசமாவா இருந்தாரு?

கவிப்பிரியா: ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

மாது: இல்லீங்கய்யா, அவரு மேல தப்பில்லீங்க. மொத ஞாயிறு பெங்களூரு கேஸு. பேஷண்ட எறக்க அங்க பெட்டு கெடைக்கல. ஒம்போது மணி நேரம் வண்டியிலயே இருந்தாங்க. விட்டுட்டு வர முடியுமா?

கவிப்பிரியா: கேள்விப்பட்டதுதானே? மணிக்கணக்கெல்லாம் சரியாச் சொல்றீங்க.

மாது: எங்க லைன்ல எல்லாம் பேசிக்குவோங்க.

பச்சியப்பன்: ரெண்டாவது ஞாயிறு?

மாது: அன்னிக்கிப் புது வேட்டி கட்டிக் கெளம்பியே கெளம்பிட்டாரு. பாலக்கோட்டு ரோட்டுல தக்காளி டிராக்டர் கவுந்துடுச்சு. வேற டிரைவர் இல்ல. வேட்டியோடவே போயித் தூக்கினாரு.

பச்சியப்பன்: அடக் கடவுளே. ரத்தமா?

மாது: பாதிக்கு மேல தக்காளிங்க. ஆளுங்க எல்லாம் பொழச்சிக்கிட்டாங்க. வேட்டிதான் பொழைக்கல.

கவிப்பிரியா: மூணாவது?

மாது: சித்தேரி மலை. பிரசவ கேஸு. பாதி மலை எறங்கறதுக்குள்ள பொறந்துடுச்சு. அன்னிக்கும் கூட ஆளில்ல. வண்டியில சுத்தமான துணியும் இல்ல. பொண்ணு பாக்கறதுக்குன்னு வாங்கின துண்டு இருந்துச்சு... அதுலதான் சுத்திக் குடுத்தாரு.

கவிப்பிரியா: ...என்னா கொழந்த?

மாது: பொம்பளப் புள்ளைங்க. என்னா சத்தம் தெரியுமா! சைரனே தேவப்படல.

பச்சியப்பன்: அதெல்லாம் சரி. லீவு சொல்லி வெக்கறதுதானே?

மாது: சொன்னா, சாவிய வெச்சிட்டுப் போன்னுவாரு மொதலாளி.

பச்சியப்பன்: சம்பளம்?

மாது: பதினாலாயிரங்க. பன்னெண்டு மணி நேர டூட்டின்னு பேரு. ஏறினா எப்ப எறங்குவோம்னு வண்டிக்கே தெரியாது. சோறு ஸ்டியரிங் மேல. தூக்கம் நீங்க படுத்திருக்கீங்களே, அது மேல. கழுவி வுடறதும் நாங்கதான்.

பச்சியப்பன்: ம். நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா அவனுக்குக் குடுப்பீங்களா?

கவிப்பிரியா: சின்னராஜண்ணா... சின்னராஜண்ணா! உங்களத்தான்.

மாது: ஆங்? ஐயோ, அண்ணாவெல்லாம் வேணாங்க.

கவிப்பிரியா: பின்ன எப்பிடிக் கூப்புடறது?

மாது: டிரைவர்னே கூப்புடுங்க.

பச்சியப்பன்: கேட்டதுக்குப் பதிலக் காணோம்.

மாது: போன மாசம் கேட்டிருந்தாக் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேங்க. இப்பக் குடுப்பேன்.

பச்சியப்பன்: ஒரே மாசத்துல என்னா வந்துச்சு?

மாது: எங்க ஆபீஸுல மொத்தம் பதினோரு பேருங்க. மூணாவது தடவையும் அவரால போக முடியலன்னதும் எல்லாருக்கும் தாங்கல. பதினோரு பேரும் ஒரே ஞாயித்துக்கிழமைக்கு லீவு எழுதிக் குடுத்தோம். பதினோரு பேப்பர்லயும் ஒரே காரணம். பொண்ணு பாக்கப் போகணும்.

பச்சியப்பன்: பதினோரு பேருக்குமா கல்யாணம் ஆகல?

மாது: எட்டுப் பேருக்கு ஆயிடுச்சுங்க. கருப்பண்ணனுக்குப் பேரனே இருக்கறான். இருக்கறது ஒரே நர்ஸு, சுகுணா அக்கா. அது மட்டும் மாப்பிள்ள பாக்கணும்னு எழுதுச்சு. புருசன் வந்து சண்ட போட்டாரு.

கவிப்பிரியா: ஐயோ... அப்பா, சிரிக்காத, கால் ஆடுது. மொதலாளி என்னா சொன்னாரு?

மாது: ஒவ்வொண்ணாப் படிச்சாரு. கருப்பண்ணன் பேப்பர் வந்ததும் அவராலயும் முடியல, சிரிச்சிட்டாரு. அப்புறம் மொகத்த மாத்திக்கிட்டு, ஞாயித்துக்கிழமை வண்டிய எவன் ஓட்டறதுன்னாரு. அதத்தாங்க நாங்களும் கேக்கறோம்னோம். முறை வெச்சு லீவு வுடுங்க, இன்னும் ரெண்டு ஆள் போடுங்கன்னோம். வர்ற ஒண்ணாந்தேதியிலேர்ந்து வாரம் ஒரு நாள் லீவு. எழுதிக் கையெழுத்தே போட்டுட்டாரு.

பச்சியப்பன்: அட! யாரு குடுத்த யோசன?

மாது: அந்த மாதுதாங்க.

கவிப்பிரியா: அவ்ளோ அறிவா அவருக்கு?

மாது: ரொம்ப அறிவுங்க. பாக்கவும் நல்லா இருப்பாரு.

கவிப்பிரியா: கொணம்?

மாது: அதுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க.

பச்சியப்பன்: இவளுக்கு வேற எடம் ரெண்டு வந்துச்சு தம்பி. ஒருத்தர் கவர்மெண்டு வேல. மாட்டேன்னுட்டா. வராத ஆளத்தான் பாக்கணும்கறா.

கவிப்பிரியா: ஏங்க... எதுக்கு இப்பச் சைரன் போட்டீங்க?

மாது: கை பட்டுடுச்சுங்க!

பச்சியப்பன்: எதுக்க வர்ற பஸ்ஸெல்லாம் ஒதுங்குது. அணைங்க தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல.

மாது: அணைச்சிட்டேன் மாமா... ஐயா. அணைச்சிட்டேங்கய்யா.

பச்சியப்பன்: என்னான்னீங்க?

மாது: ஒண்ணுமில்லீங்க. இண்டூர் வந்துடுச்சு.

பச்சியப்பன்: ஓரமா நிறுத்துங்க.

மாது: வலிக்குதாங்கய்யா?

பச்சியப்பன்: பசிக்குது. கண்ணு, கதவத் தொற.

மாது: இருங்க, எறங்காதீங்க, நான் வந்து புடிக்கறேன்... ஐயா! ஏங்க, ஐயா நடக்கறாரு!

கவிப்பிரியா: ரெண்டு வாரமா நடக்கறாரு. தடிய ஊனிக்கிட்டுக் காட்டு வேலைக்கே போயிட்டு வர்றாரு. இன்னிக்கிக் கட்டு அவுக்கப் பஸ்ஸுல வந்தாப் போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு.

மாது: அப்பறம் ஆம்புலன்ஸு எதுக்குங்க?

கவிப்பிரியா: பேர மாத்திச் சொன்னது எதுக்குங்க?

மாது: டிரிப் சீட்டுல ஏரியூர் பச்சியப்பன்னு பாத்ததும் பயந்துட்டேங்க. ரெண்டு நாளா இதே சட்ட. இப்பிடியா வந்து நிக்கறதுன்னு... எப்பத்துலேர்ந்து தெரியும்?

கவிப்பிரியா: ஆபீஸுக்குப் போன் பண்ணி, மாது ஓட்டற வண்டிதான் வேணும்னு கேட்டதே நான்தான். இந்தாங்க, டிபன் கேரியர். புடிங்க.

மாது: என்னாங்க, சூடா இருக்குது... பஜ்ஜியா?

பச்சியப்பன்: கேசரி கீழ் அடுக்குல. அந்த மாஸ்க்கைக் கழட்டுங்க மாப்பிள்ள, அக்கா அனுப்பின போட்டோவுலயும் இதேதான் போட்டிருந்தீங்க, இன்னும் மொகத்தப் பாக்கல நாங்க. உங்க மொதலாளி லீவு கேட்டாத்தான் தர மாட்டாரு, வாடகைக்குக் கேட்டோம், பத்தே நிமிசத்துல உங்கள அனுப்பிட்டாரு!