அபெலின் ஈயவில்லை

— இன்னும் ரெண்டு மணி நேரத்துல திருவிருந்து. மேசையில உக்கார ஆளுக்கொரு ஈயவில்லை காட்டணும்; ஒரே ஒரு வில்லையை வச்சிட்டுக் கிளம்பறீங்களே, ரூவியேர் மூப்பரே. இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர்.

— அது உனக்கு, இசபோ. உன் புருஷனுக்கு இல்ல.

— கோட்டைச் சிறையில இருக்கறவர் மேசைக்கா வரப்போறார்? நாளைக்குத் தூக்கு. வில்லையைக் கையில பிடிச்சிட்டு, சபையைச் சேர்ந்தவரா சாகட்டும்.

— கேளும்மா. அது வெறும் ஈயம். போப்புக்காரங்க புனிதர் எலும்பைக் கட்டிட்டு அழற மாதிரி நாமளும் அழணுமா?

— வெறும் ஈயம்தானே? குடுத்துட்டுப் போங்களேன்.

— எடக்காப் பேசாத. ராஜாவோட தளபதியைச் சுட்டிருக்கான் அபெல். ராஜா கெட்டவனாவே இருக்கட்டும், அதிகாரம் தேவன் குடுத்தது. தனி மனுஷன் ஜெபிக்கலாம், ஊரை விட்டு ஓடலாம், சாகலாம். ஆயுதம் எடுக்கக் கூடாது.

— ஆலயத்தைக் கொளுத்தத்தானே அந்தத் தளபதி பாலம் ஏறினான்? உள்ள எண்பது பேர். நீங்களும்தான் சங்கீதம் பாடிட்டிருந்தீங்க.

— தெரியும்.

— அப்போ கொடுங்கோலனை யாருமே எதிர்க்கக் கூடாதா?

— கேளும்மா. ஊரை நடத்தற நாங்க நாலு கான்சல்களும் தேவன் வச்ச அதிகாரிகள்தான். ஜனங்களைக் காக்கறது எங்க கடமை. எங்கள்ல ஒருத்தர் சொல்லிச் சுட்டிருந்தா கீழ்ப்படிதல். யாரும் சொல்லாம சுட்டா கொலை.

— கோழி அறுக்கவே என்னைக் கூப்பிடற மனுஷன்! அவரா தானா போய்ச் சுட்டார்?

— தானாத்தான் சுட்டேன்னு வேதத்து மேல கை வச்சு சத்தியம் பண்ணியிருக்கானே.

— பொய்ச் சத்தியமா இருந்தா? யாரோ சொல்லித்தான் சுட்டார்னா?

— அந்தப் பேர் வெளிய வந்தா அந்தக் கான்சலுக்கும் தூக்கு. ஊரே கலகம் பண்ணினதா ஆயிடும். ராஜாவோட படை ஒரு வீட்டைக்கூட விட்டு வைக்காது.

— நான் வில்லையைப் பத்திக் கேட்டேன்.

— அப்பவும் கிடையாது. சத்தியம் நிஜம்னா கலகக்காரன். பொய்னா கர்த்தர் பேரை வீணா எடுத்தவன்.

— அட, நல்லா இருக்கே! எந்தப் பக்கம் போனாலும் என் புருஷனுக்குக் கதவு சாத்தியிருக்கு. யாருக்காகப் பொய் சொன்னாரோ, அவர் மட்டும் வந்து உக்காந்து அப்பம் சாப்பிடலாம்?

— கூடாது.

— பின்ன? வீடு வீடா எல்லாருக்கும் குடுத்தீங்களே, அந்த ஆளுக்கும்தானே குடுத்திருப்பீங்க?

— இல்ல. அவன் எடுத்துக்கல.

— யாருன்னு தெரியுமா உங்களுக்கு? மூப்பரே, என்னைப் பாருங்க. யாரு?

— சுடச் சொன்னது நான்தான், இசபோ.