முதலில் விழிக்கும் டிஸ்க்

உங்கள் மேசையிலிருக்கும் கம்ப்யூட்டர் ஆன் ஆக ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது தெரியுமா, இன்ஸ்பெக்டர் சார்? யாரோ என்றைக்கோ கழற்றிவிட்ட ஃபிளாப்பி டிரைவை அது ஒவ்வொரு முறையும் தேடிவிட்டு வருகிறது. ஆன் செய்தவுடன் டெலீட் பொத்தானை அழுத்தினால் ஒரு நீலத் திரை வரும். பயாஸ் என்பார்கள். அதில் ஒரு வரியை மாற்றினால் போதும். பழைய பெட்டிகள் மீது எனக்கு எப்போதுமே ஒரு கரிசனம் உண்டு.

சரி, அண்ணி விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் விபத்தில் போன பிறகு அவனுடைய அச்சுக்கடையை அண்ணி எடுத்து நடத்தினார். விசிட்டிங் கார்டு, பள்ளிக்கூட வினாத்தாள், கடைகளுக்குப் போர்டு என்று எல்லாவற்றையும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் வடிவமைக்க வேண்டும். அண்ணி மவுஸைத் தொட்டுப் பழகாதவர். என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில், அண்ணன் காலத்தைவிட வேலை சுத்தமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் பேச ஆரம்பித்தார்கள். இறந்தவனைப் பற்றி அப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடுவதும் ஒரு வேலைதான் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணுகிறது என்று அண்ணி ஒருநாள் சொன்னார். புதிது வாங்கி, பழையதில் இருந்ததை அப்படியே நகலெடுத்தேன். பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிஸ்க். எது முதலில் விழிக்க வேண்டும் என்பதை அந்த நீலத் திரையில் ஒரு வரி தீர்மானிக்கிறது. புதியது விழித்தால் அண்ணியின் வேலையெல்லாம் இருக்கும். பழையது விழித்தால் நகலெடுத்த நாளோடு உலகம் நின்றுபோயிருக்கும். திரையில் தெரியும் படம் இரண்டிலும் ஒன்றுதான்.

முதல் முறை நடந்தது தற்செயல். தூசி தட்டும்போது வயரை மாற்றிச் செருகிவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன்.

“தம்பி, எல்லாம் போச்சு தம்பி. இத்தன நாளா செஞ்சது எதுவுமே இல்ல.”

போய் அந்த வரியை மாற்றினேன். எல்லாம் திரும்பி வந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்?” என்றார்.

என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. அதற்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியது.

அதனால் அவ்வப்போது வரியை மாற்றி வைத்தேன். சில நாள் அதே நீலத் திரையில் யு.எஸ்.பி. இணைப்பை முடக்கிவைப்பேன்; கீபோர்டும் மவுஸும் பிணம் மாதிரி கிடக்கும். யு.எஸ்.பி. தேவைப்படாத, உருண்டை முனை வைத்த பழைய கீபோர்டு ஒன்று என் பையில் இருந்ததால் எனக்குச் சிரமமில்லை. ஆனால் மனிதர்களுக்கு உதவி சீக்கிரம் சலித்துப்போகிறது. “அடிக்கடி இப்படி ஆகுதே, வெளிய ஒரு மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்டட்டுமா?” என்றார் அண்ணி. அது என்னைப் புண்படுத்தியது. சொல்லிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு, அவர் பதறிப்போய் ஆளைக் கூட்டிவருவதற்குள் புதிய டிஸ்க்கை எழுப்பிவிடுவேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு?” என்று போய்விட்டார்.

“இப்ப இருக்கு தம்பி. காலைல இல்ல. என் கண்ணால பார்த்தேன்.”

“சரியாத் தூங்கறதில்ல நீங்க. அதான் அண்ணி.”

அன்பாகத்தான் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்குப் புது வினாத்தாளை முடித்து வைத்திருந்தார். அச்சாகிப் போனதோ போன பருவத்து வினாத்தாள். கோப்பின் பெயர் ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தது பழைய டிஸ்க். தலைமையாசிரியை கடைக்கே வந்து, “உங்களுக்கு என்னம்மா ஆச்சு?” என்றார். நான்தான் அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டேன்.

அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அவற்றில் எனக்குப் பங்கில்லை. அடுப்புக்கு பயாஸ் கிடையாது. ஒரு சாயங்காலம், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளின் தலையைத் தடவியபடியே, “பாப்பாவ ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வந்துட்டோமா தம்பி?” என்று கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தது. நான் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தேன். குழந்தைகளைப் பயமுறுத்தக் கூடாது.

அடுத்த வாரம் அவரே சொல்லிவிட்டார். “இவள என் தங்கச்சி வீட்ல விட்டுடுங்க. என்ன நம்பி இவள வெச்சிருக்கக் கூடாது.” வழி முழுக்க பிள்ளை அழுதது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மனநல மருத்துவரிடம் காட்டினோம். அவர் மேல் குற்றமில்லை. செய்த வேலை காணாமல் போகிறது, பிறகு திரும்பி வருகிறது என்று அண்ணி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் பாக்கும்போது எல்லாம் அப்படியேதான் இருக்கு டாக்டர்” என்றேன். நான் பொய் சொல்லிப் பழகாதவன். மாத்திரை பலிக்கவில்லை. காப்பகத்தில் சேர அண்ணியே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். கடையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பொறுப்பை ஏற்றேன். என் பெயரைப் பலகையில் போடும்படி யாரும் வற்புறுத்தவில்லை. பலகை வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்காது.

நீலத் திரைக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தேன். உள்ளே நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறதே, அது தீர்ந்துபோனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும், பாஸ்வேர்டு உட்பட. நான் கடையில் இல்லாத நேரம் பார்த்துத் தீர்ந்தது. பிள்ளையின் போட்டோக்களை எடுக்க வந்த அண்ணியின் தங்கை, பெட்டி சரியாகக் கிளம்பவில்லை என்று அதே மெக்கானிக்கை அழைத்திருக்கிறாள். பேட்டரி மாற்றப் பெட்டியைத் திறந்தவர், “இதுல ரெண்டு டிஸ்க் இருக்கேம்மா” என்றாராம். மீதியை அவர்களே உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். ஆனால் ஒரு கோப்பைக்கூட நான் அழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணி செய்த வேலை முழுவதும் பத்திரமாக இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு அவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். அவருக்கு ஒன்றுமே இல்லை, ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்தார் என்பதை எடுத்த எடுப்பில் போட்டு உடைத்துவிடாதீர்கள். பாவம், அதைத் தாங்கும் நிலையில் அவர் மனம் இல்லை. பக்குவமாகச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் நானும் வருகிறேன். நான் சொன்னால் அண்ணி எதையும் நம்புவார்.