பார்த்துப் பார்த்துத் தேர்ந்த எண்ணெய்

முதலில் உட்காருங்கள், மேஸ்திரி அவர்களே. அந்த நாற்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. சாயாமல் இருந்தால் அது தங்களை ஒன்றும் செய்யாது. மேட்டிலிருந்து இவ்வளவு தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பேசலாம். தங்கள் கேள்வியிலிருந்து நழுவும் எண்ணம் எனக்கு இல்லை.

வாசற்படி ஏறும்போதே கேட்டுவிட்டீர்கள்.

"ஏங்க்கா, மூணு ரம்பம். மூணும் ஒரே மாதிரி செத்திருக்கு. கோளாறு உங்க தம்பி கையிலயா, இல்ல நீங்க ஊத்துற எண்ணெயிலயா?"

இத்தனை நேர்த்தியாக இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்லிப் பழகியவள் அல்லள். கேட்காதவர்களுக்கு வலியப் போய்ப் பதில் சொல்வது மரியாதை ஆகாது என்பதால்தான் இதுநாள்வரை வாய் திறக்கவில்லை.

தம்பி பின்னால் மெதுவாக வருகிறான் போலும். வரட்டும். மூன்று தட்டுகள் எடுத்து வைத்துவிட்டேன்.

தாங்கள் மரம் அறுக்கும் தொழிலில் நரைத்தவர். தங்களுக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம். ஆயினும் என் தரப்பை விளக்க வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் ரம்பம், புல்வெட்டி போன்ற இந்தச் சிறிய இன்ஜின்களுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் எதைக் கலந்து கொடுக்கிறோமோ அதுவே அவற்றுக்குச் சோறும் மருந்தும். அப்படியிருக்க, என் கடைக்கு வருபவர்கள் எண்ணெயை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? நிறத்தைப் பார்த்து. சிவப்பு வீரியமானது, பச்சை குளிர்ச்சியானது, நீலம் புகையாது என்று ஆளுக்கொரு சாத்திரம். ஒருவர் தம் புல்வெட்டியின் நிறத்துக்குப் பொருத்தமாக ஆரஞ்சு நிற எண்ணெய் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். கார் எண்ணெயை ஊற்றிவிட்டு, வீட்டைச் சுற்றிலும் புகை மண்டியபோது, கொசுவாவது ஒழிந்ததே என்று மகிழ்ந்தவரும் உண்டு.

நிறம் சாயம்தான். குணம் புட்டியின் பின்புறத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருக்கிறது. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ஒன்று, தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு ஒன்று. ரம்பம் காற்றால் குளிர்வது, மிகவும் சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்கும் எண்ணெய் அதற்கு வேண்டும். படகின் மோட்டார் எப்போதும் தண்ணீரில் குளித்துக்கொண்டே இருப்பது. அதற்குரிய எண்ணெய் சுகவாசி. அதை ரம்பத்தில் ஊற்றினால் உடனே ஒன்றும் ஆகாது. சில நாட்கள் நன்றாகவே ஓடும். பிறகு பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஒரு கீச்சொலி. அவ்வளவுதான்.

என் கடையில் யாரும் தாமே கலப்பதில்லை. காலி கேனை மேசையில் வைப்பார்கள். நான் பொடி எழுத்தைப் படித்து, மூடியில் அளந்து, கலந்து, குலுக்கிக் கொடுப்பேன். "அக்கா கலந்தா மெஷின் பேசும்" என்பார்கள். தம்பி கேனைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். தாய் ஊட்டும் சோற்றில் குழந்தை கல் தேடுமா? எங்கள் பெற்றோர் போனபோது அவன் இடுப்பளவு உயரம். அன்றிலிருந்து அவன் உண்டதெல்லாம் நான் பிசைந்த சோறு. இதை நான் ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவனாக நினைத்துப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ரம்பம் என் பிழை. இதைத் தயவுசெய்து நம்ப வேண்டும். ரம்ப எண்ணெய், படகு எண்ணெய், இரண்டு புட்டிகளும் சிவப்பு. அலமாரியில் இடம் மாறி இருந்தன. மற்றவர்களை நிறம் பார்த்து வாங்குவதாகக் கேலி செய்தவள், நிறம் பார்த்து எடுத்துவிட்டேன். மனிதர்தாமே. ரம்பம் போயிற்று. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆனால், மேஸ்திரி அவர்களே, மூன்றாம் நாள் காலையில் நான் கண் விழித்தபோது தம்பி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போக ரம்பம் இல்லை. எனக்காகக் காபி போட்டுக் கொண்டுவந்தான், சகிக்கவில்லை. இருவரும் அதைக் குடித்துவிட்டுச் சிரித்தோம். பழுது பார்க்க ஆன காலம் முழுவதும் அவன் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டினான். ஆரஞ்சு எண்ணெய் கேட்டவரைப் போல அவன் கேட்டபோது எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அதற்கு முன்பெல்லாம் இருட்டோடு போய் இருட்டியபின் வருவான். முகம் பார்த்துப் பேச நேரம் இருந்ததில்லை. ஓர் இன்ஜின் நின்றால் ஒரு வீடு ஓடத் தொடங்கும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது ரம்பத்துக்கு எண்ணெயை நான் இடம் மாற்றி எடுக்கவில்லை. நிதானமாக, பொடி எழுத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

அந்தச் சமயத்தில் அவன் தொலைவில் எங்கோ சாலையோர மரங்கள் அறுக்கும் வேலைக்குப் போவதாக இருந்தான். அங்கே தண்ணீர் சரியில்லை என்று கேள்விப்பட்டேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. யோசித்துப் பாருங்கள்: ஒரு ரம்பம் பெரிதா, ஒரு பிள்ளையின் வயிறு பெரிதா?

எங்கள் மெக்கானிக்கைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். எதைப் பழுது பார்த்தாலும் "இனி ஆறு மாசத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லிச் சொல்லி, ஆறுமாசம் என்பதே அவர் பெயராகிவிட்டது. அவர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ தொட்டா இன்ஜின் தூங்கிப்போவுது. தாலாட்டு ஏதாச்சும் பாடுறியா?"

"பாடுறது நான் இல்லண்ணே, நீங்க மாட்டுன கார்பரேட்டர்தான்."

"என்னைச் சொல்லாத. உன் கைராசி அப்படி."

கைராசி என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் அதைப் பரப்பினேன் என்று சொல்வது சரியாகாது. வாடிக்கையாளர்கள் தம்பியைப் பற்றி விசாரித்தபோது, பெருமூச்சு மட்டும் விட்டேன். மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். விரைவிலேயே அவனுக்கு 'அமைதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் தெருவில் வந்தால், "அமைதி வர்றான், மெஷினை உள்ள வை" என்று புல்வெட்டிகளை மூடுவார்கள். அவனும் கூடவே சிரிப்பான். சிரிப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

மூன்றாவதைச் சொல்லும்போது தாங்கள் இடையில் பேசாமல் கேட்க வேண்டும்.

அது புது ரம்பம். அந்த முறை புட்டியை மாற்றவில்லை; அளவைக் குறைத்தேன். நிறம் காட்டுவதற்குச் சில சொட்டுகள் போதும். அது வாசலில் வைத்துக் கிளப்பும்போதே நின்றுவிடும் என்பது என் கணிப்பு. ஆனால் புதியவை என் எதிர்பார்ப்பைவிட உறுதியாக இருக்கின்றன. அதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்தின் பாதிக்கு மேல் ஏறி, பெரிய கிளையைப் பாதி அறுத்திருந்தபோதுதான் அது நின்றது. பாதி அறுபட்ட கிளை என்ன செய்யும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது தானாகவே கிழிந்து, ஊசலாடி, அவன் தோளில் வந்து மோதிற்று. கயிறு இருந்ததால் கீழே விழவில்லை. கயிறு நான் வாங்கிக் கொடுத்தது. கயிற்றில் நான் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

இப்போது அவனுடைய வலக்கை தோளுக்கு மேல் உயராது. அதனால் நடைமுறையில் பெரிய இடைஞ்சல் ஒன்றுமில்லை. மேல் அலமாரிப் பொருள்களை நான் எடுத்துத் தருகிறேன். சில மாதங்கள் தலையும் வாரிவிட்டேன். சிறுவயதில் வாரிவிட்ட அதே வகிடு. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு இன்ஜின் கெடலாம். மூணும் எப்படிக்கா?" என்றான். உன் கைராசி, கண்ணே என்றேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதிகமாகப் பேசவும் இல்லை. கடையில் உட்கார்ந்து யாரையும் நடித்துக் காட்டுவதையும் விட்டுவிட்டான். வயது ஏறினால் விளையாட்டுத்தனம் குறைவது இயல்புதானே.

இந்த நிலையில்தான் தாங்கள் இன்று பகலில் வந்தீர்கள். "மேல ஏற வேணாம்ப்பா, கீழ நின்னு துண்டு போட்டாப் போதும். ரம்பம் நாங்க தர்றோம், எண்ணெயும் எங்களுது. மூணு வருஷ வேலை" என்றீர்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரக்கிடங்கிலிருந்து நாளை விடியலில் லாரி கிளம்பும், இன்றிரவுக்குள் அங்கே வந்து படுக்காதவன் இடத்துக்கு வேறு ஆள் என்றும் சொன்னீர்கள். தம்பியின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலம் நான் பார்க்காத முகமாக இருந்தது. பெட்டி ஏற்கெனவே கட்டி வைத்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் தடுத்தேனா? தாங்களே சாட்சி. தங்களுக்குச் சோறு போட்டேன். பெட்டிக்குக் கயிறு கொடுத்தேன். தாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கள் வண்டியையும் கவனித்தேன். அந்தக் காலத்து வண்டி. அதற்கும் எண்ணெய் கலந்த பெட்ரோல்தான். வாசலில் வந்து நின்றபோதே அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டேன். என்னைவிட ஓரிரு வயது இளையதாக இருக்கும். டாங்கில் இருந்ததை வடித்துவிட்டு முழுக்க நிரப்பிக் கொடுத்தேன். விருந்தாளியின் வண்டியை நிரப்பி அனுப்புவது என் வழக்கம்.

ஆம். அதில் எண்ணெய் கலக்கவில்லை. ஒரு சொட்டும் இல்லை.

தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். மேட்டில் பாதி வரை போகும் என்று கணக்கிட்டேன், அப்படியே நடந்திருக்கிறது. ஆறுமாசம் நாளைக்கு வந்து பார்த்துக்கொள்வார். தங்களுக்கு உள்ளறையில் படுக்கை விரித்திருக்கிறேன். லாரி போனால் இன்னொரு லாரி வரும். நான் யாரையும் பிடித்து வைத்தவள் அல்லள். போகிறவர்களை ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. வேண்டுமானால் தம்பியையே கேளுங்கள். ஏன் இன்னும் வரவில்லை? செருப்பு அறுந்திருக்கும். வழிக்கென்று நான் கொடுத்த புதுச் செருப்பு. அதையும் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மேட்டு வழியில் அதன் அடி வெகுநேரம் தாங்காது.

என்ன சொல்கிறீர்கள்? சற்று உரக்கச் சொல்ல வேண்டும்.

"அவன் வரலக்கா. வண்டி நின்னதும் டாங்கைத் திறந்து விரலை விட்டான். ரெண்டு விரலையும் தேய்ச்சுப் பார்த்தான். முகர்ந்தான். அப்புறம் சிரிச்சான் பாருங்க, நடு மேட்டுல உட்கார்ந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். 'நீங்க போய் அக்காகிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க மேஸ்திரி, பதிலை எனக்குச் சொல்ல வேணாம்'னான். பெட்டிய இடது கையாலயே தூக்கித் தலைல வச்சுக்கிட்டு நடந்தே போயிட்டான். இந்நேரம் கிடங்குல படுத்திருப்பான்."

நடந்தா.

கால்களுக்கு எண்ணெய் தேவையில்லை என்பதை நான் யோசிக்கத் தவறிவிட்டேன்.

அது என்ன, தங்கள் கையில்? மேசைமேல் வையுங்கள். ஆம், அவனுடையதுதான். இரண்டும் புத்தம் புதிதாக இருக்கின்றனவே. வாரைக்கூட மாட்டிப் பார்க்கவில்லையே.

மறந்துவிட்டுப் போயிருக்கிறான். சிறுவயதிலிருந்தே அப்படித்தான், நான் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. தாங்கள் சாப்பிடுங்கள், மேஸ்திரி அவர்களே. அந்த மூன்றாவது தட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். செருப்பை மறந்தவன் எவ்வளவு தூரம் போய்விடப் போகிறான்?