சீனி இனிக்காமல் போனது

நிலாவெளி பஸ்ஸில் ஏறிய, சல்லி என்ற கடலோர ஊர்க்காரி ஒருத்தி, எனக்கு முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"அக்கா, நீங்கள் தந்த சிறுகுறிஞ்சா இலையைச் சப்பிப்போட்டு என்ர மனிசன் தேத்தண்ணி குடிச்சவர். சீனி மண் மாதிரிக் கிடக்கெண்டு கத்தினார்."

"அந்த இலை நாக்கில இனிப்பை மறைக்கும், பிள்ளை. பிறகு?"

"இனிக்காத சீனி என்னத்துக்கெண்டு தானாவே விட்டிட்டார். இப்ப ரத்தத்திலயும் சீனி குறைஞ்சிட்டுது. ஆஸ்பத்திரியில வெட்ட வேணுமெண்டு சொன்ன கால்விரல் புண்ணும் ஆறிட்டுது."

"டொக்டர் தந்த மருந்துக் குளிசையை விட்டிட்டாரோ?"

"இல்லை, ஒழுங்காப் போடுறார். இண்டைக்கு விடியக் கடலுக்கும் போனவர்."

அவள் பையிலிருந்து ஒரு விளைமீனை எடுத்து நீட்டினாள்.

"முதல் மீன் உங்களுக்கெண்டு தந்துவிட்டவர்."

"பஸ்ஸெல்லாம் மணக்கப்போகுது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கினார்.