முந்தநாள் கட்டி முடிந்த தாலி

எனக்கு ஒட்டுக்கேட்கும் பழக்கம் இல்லை. ஆனால் கிளிநொச்சி பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது, முன் இருக்கையில் இருந்த அம்மா பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் இப்படிச் சொன்னால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எங்கட மருமகன் போன வரியம் கனடாவிலை தொடங்கின தாலியை முந்தநாள்தான் கட்டி முடிச்சவர், தங்கச்சி. உமக்குக் கோடி புண்ணியம்."

"கலியாண வீடியோ இப்ப நிக்காமல் ஓடுதோ, அக்கா?"

"ஓம். முந்தி மாப்பிள்ளை தாலியைக் கையிலை எடுத்தவுடனை நிண்டிடும். பிறகு வட்டம்தான் சுத்தும். எங்கட மனுசன் டேட்டா காணாதெண்டு திரும்பத் திரும்பக் காசு போட்டவர்."

"வீடியோ உங்கட வீட்டுக் கொம்பியூட்டரிலைதானே கிடக்கு, டேட்டா என்னத்துக்கு? அவ்வளவு பெரிய வீடியோ அதிலையிருந்து வைஃபையாலை ரீவிக்கு வரவேணும். நீங்கள் வைஃபைப் பெட்டியை இரும்பு அலுமாரிக்குள்ளை பூட்டியெல்லோ வைச்சிருந்தனீங்கள்!"

"தூசி பிடிக்குமெண்டுதான்."

இருவரும் சிரித்தார்கள்.

"நீர் அதை வெளியிலை எடுத்து, ரீவிக்கு வயரும் இழுத்துத் தந்தாப்பிறகு ஓரிடத்திலையும் நிக்கேல்லை. கலியாணத்துக்குப் போக விசா கிடைக்காமல் இஞ்சையே இருந்திட்டம். கெட்டிமேளத்தை முந்தநாள்தான் முழுசாக் கேட்டம்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"போய் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தாலி கட்டேக்கை எழும்பி நிண்டு, ரீவிக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தினார்."

இளையவள் சிரிக்கவில்லை.

"நானும் போட்டனான். ரீவிக்குக் கீழை இன்னும் கிடக்கு. கூட்ட மனம் வரேல்லை, தங்கச்சி."